யாழ்ப்பாணத்து அச்சுக்கலையும் பிழைதிருத்த மரபும்

அச்சுக்கலையின் செம்மை பொறியினால் மட்டும் அமைவதன்று. எழுதுவோர், அச்சுக்கோப்போர், ஒப்புநோக்குவோர், பதிப்போர் ஆகியோர் ஒருவர் கண்ட குறையை மற்றவருக்கு எடுத்துரைத்துத் திருத்துவதனாலேயே அது வளர்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அச்சு வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1820 இல் அமெரிக்க மிசனின் அச்சாளர் கரெற் யாழ்ப்பாணத்தில் தங்குதற்கு ஆங்கில அரசு இசையவில்லை. அத்தடை நீங்கிய பின்னர், 1834 இல் மைனர் என்பாரின் பொறுப்பில் மானிப்பாயில் அச்சுக்கூடம் தொழிற்பட்டது. 1841 இல் உதயதாரகையும், 1842 இல் மானிப்பாய் அகராதியும் வெளிவந்தன. 1849 இல் ஆறுமுக நாவலர் சென்னை சென்று அச்சுப்பொறி வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். 1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தை நாவலர் பரிசோதிக்க, சி. வை. தாமோதரம்பிள்ளை பதிப்பித்தார். பின்னர், சுன்னாகத்துத் திருமகள் அழுத்தகத்தின் நா. பொன்னையா, சி. கணேசையரின் குறிப்புக்களோடு தொல்காப்பியத்தை 1937 முதலாக வெளியிட்டார். இவையெல்லாம் புலமையும் தொழிலும் கூடியதன் பயன்களாகும்.

ஈயவெழுத்துக் காலத்தில் இக்கூட்டுறவு தவிர்க்கவியலாததாயிருந்தது. 'கொ' என்னும் ஓரெழுத்தைக் கோத்தற்குக் கொம்பு, ககரம், அரவு என மூன்று அச்சுக்கள் வேண்டும். அச்சிட்டபின் எழுத்துக்களைப் பிரித்து அறைகளில் இடும்போது ஒன்று மாறி விழுந்தால், அடுத்த நூலிலும் பிழை தோன்றும். ஆதலால், ஒருவர் மூலத்தை வாசிக்க மற்றொருவர் படியைப் பார்ப்பர். திருத்தங்கள் மீண்டும் கோப்பவரிடம் செல்லும். எப்பிழை எக்காரணத்தால் வந்ததென்பதை இவ்வுரையாடலே வெளிப்படுத்திற்று. அடுத்த நூலைச் செம்மையாக்கியதும் அவ்வறிவேயாம்.

கணினியும் ஒவ்செற் முறையும் வந்தபின் திருத்துதல் எளிதாயிற்று. திருத்துவோர் தொகையோ சுருங்கிற்று. எழுதுபவரே தட்டச்சுச் செய்து பக்கமும் அமைக்குமிடத்து, அவர் காணாத பிழையைக் காண்பார் எவருமிலர். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் அமைந்தவற்றை ஒருங்குறிக்கு மாற்றுங்கால் கொம்பும் புள்ளியும் இடம்பெயர்தலுமுண்டு. அதனை ஒருவர் கண்டு தாமே திருத்தி அமைவாராயின், அவ்வனுபவம் பிற அச்சகங்களுக்குப் பயன்படுவதில்லை. உழைப்புக் குறைந்தவிடத்து உரையாடலும் குறைந்தமையே இங்கு நேர்ந்த இழப்பு.

இவ்விழப்பு யாழ்ப்பாணத்தாருக்குச் சிறிதன்று. 1981 இல் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. மூலப்படி கிடையாத நூலுக்கு மறுபதிப்பே மூலமாகின்றது. அதிற் புகுந்த பிழையை ஒப்புநோக்கிக் களைதற்கு வேறு படி இல்லை. ஆதலின், இரண்டாமவர் ஒருவர் மூலத்தோடு வாசித்தலும், கண்ட பிழைகளைக் காரணத்தோடு குறித்து வைத்தலும், அக்குறிப்பை அச்சகத்தார் தம்முட் பகிர்தலும் இன்றும் வேண்டப்படுவன. பொறி எத்துணை விரைந்தோடினும், பிழையறியும் கண்கள் பல வேண்டும்.