வாணலிக்குள் உலக வாணிகம்

விருத்தாசலம் என்றதும் பலருக்குப் பழமலைநாதர் கோயிலும் பீங்கான் தொழிலும் நினைவுக்கு வரும். நம் மக்களுக்கோ வீரமாமுனிவரோடு பிணைந்த கோணான்குப்பத்துப் பெரியநாயகி அன்னை நினைவுக்கு வருவார். அவ்வூரை அடுத்த கருவேப்பிலங்குறிச்சிச் சுற்றுவட்டாரத்துக் கொல்லைகளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அது மல்லாட்டை.

நிலக்கடலைக்குத் தென்னார்க்காட்டார் இட்ட பெயர் அது. மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ. பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயரைச் சுமக்கும் இப்பயிர் தென்னமெரிக்காவில் பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இம்மாவட்டத்துக் கடலை, புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்சேய் நகரத்து எண்ணெய், சவர்க்கார ஆலைகளுக்குக் கப்பலேறிச் சென்றது. ஆகவே அயல்நாட்டு வாணிகம் நமக்குப் புதியதன்று. வாணிகமே தீது என்று சொல்லவும் நாம் வரவில்லை. அது நம் அடுப்பங்கரைக்குள் நுழைந்து நம் இரத்தக் குழாய்களை என்ன செய்கிறது என்பதையே பார்க்க விழைகிறோம்.

அறுவடை முடிந்ததும் ஆண்டுத் தேவைக்கான கொட்டையை உடைத்துச் செக்குக்குக் கொண்டுபோவது முன்னாளைய வழக்கம். எண்ணெய் வீட்டுக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு. இப்பகுதி மூதாட்டி ஒருவர் நம்மிடம் சொன்னார்: "அப்பல்லாம் எண்ணெயக் கரண்டியாலதான் தம்பி அளந்து ஊத்துவோம். பலகாரம் சுடறதுன்னா கிறிஸ்துமஸ், ஈஸ்டர், மாதா தேரு, அவ்வளவுதான்." கொல்லையுள்ள வீட்டின் கதை இது. நிலமற்றோர் வீட்டில் அந்த ஒரு கரண்டியும் அரிதாகவே இருந்தது. இதையும் மறந்துவிடலாகாது.

1986-இல் மத்திய அரசு எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கத்தைத் தொடங்கியது. அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் நாட்டின் எண்ணெய்வித்து விளைச்சல் ஏறத்தாழ இருமடங்காயிற்று. விருத்தாசலத்து வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரால் வி.ஆர்.ஐ. என வழங்கும் கடலை இரகங்கள் கொல்லைகளுக்கு வந்தன. 1990-களின் தொடக்கத்தில் நாட்டின் எண்ணெய்த் தேவையில் மிகச் சிறு பங்கே வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. அதையும் அரசு வாணிகக் கழகமே வாங்கியது.

1994-இல் இந்நிலை மாறியது. பாமோலினைத் தனியார் எவரும் தடையின்றி இறக்குமதி செய்யலாம் என்று அரசு கதவைத் திறந்தது. அப்போது சுங்கவரி 65 விழுக்காடு. மறு ஆண்டு, 1995-இல், உலக வாணிக அமைப்பு பிறந்தது. 1998-இல் வரி 15 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. இங்கு ஒரு செய்தி நம்மை வியக்க வைக்கிறது. அவ்வமைப்பின் உடன்பாட்டின்படி பாமாயிலுக்கு 300 விழுக்காடு வரை வரி விதிக்க இந்தியாவுக்கு உரிமை இருந்தது. ஆகவே வரிக் குறைப்பு முழுவதும் வெளியார் நம்மீது சுமத்திய கட்டாயம் என்று கூறுவதற்கில்லை. விலைவாசிக்கு அஞ்சி நம் அரசுகளே செய்தது அதில் பெரும்பங்கு. இன்று நாம் உண்ணும் எண்ணெயில் பாதிக்கும் மேற்பட்டது கப்பலில் வருகிறது. அதில் முதலிடம் பாமாயிலுக்கே.

அதன் மலிவுக்குக் காரணம் மறைபொருளன்று. ஒரு ஹெக்டேர் செம்பனை 3 அல்லது 4 டன் எண்ணெய் தரும். அதே நிலத்துக் கடலை ஒரு டன் எண்ணெயைக்கூட எட்டாது. மலேசியாவின் அந்தச் செம்பனைத் தோட்டங்களில் உழைத்தவர்களுள் நம் தமிழரும் பல்லாயிரவர் என்பது இக்கதையின் உருக்கமான ஒரு பக்கம். மானம் பார்த்த பூமியில் கடலை போட்ட உழவர் இவ்விலையோடு போட்டியிட இயலுமா? கூலியாள் கிடையாமையும் மழை பொய்த்தலும் அவரை வேறு வருத்தின.

இனி உடல்நலத்துக்கு வருவோம். செறிவுற்ற கொழுப்பு இரத்தத்தில் தீய கொலஸ்டிராலை உயர்த்தும் என்பது மருத்துவம் நிறுவிய உண்மை. கடலை எண்ணெயில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பாமாயிலிலோ ஏறக்குறையப் பாதி. பாமோலினில் சற்றே குறைவு. உள்நாட்டு எண்ணெயெல்லாம் நல்லது, அயல்நாட்டு எண்ணெயெல்லாம் நஞ்சு என்று எண்ணிவிட வேண்டாம். நம் தேங்காய் எண்ணெயில் அக்கொழுப்பு இன்னும் மிகுதி. இறக்குமதியாகும் சூரியகாந்தி எண்ணெயில் மிகக் குறைவு.

எண்ணெயின் வகையோடு அளவும் மாறியது. ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 12 கிலோ எண்ணெய் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. அதாவது ஆளுக்கு மாதம் ஒரு கிலோ. நாம் உண்பதோ சராசரி 19 கிலோவுக்கும் மேல். பண்டிகைக்கு மட்டும் அடுப்பேறிய வாணலி, இன்று தெருமுனைப் போண்டாக் கடையில் காலைமுதல் இரவுவரை இறங்குவதேயில்லை. வாசகர் தம் வீட்டு மாதக் கணக்கைத் தாமே ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

அரசு மனம் வைத்தால் இதை மாற்ற முடியுமா? தமிழ் வம்சாவளியினர் பலர் வாழும் மொரீஷியஸ் தீவு இதற்கு விடை தந்துள்ளது. 1987-இல் அவ்வரசு பங்கீட்டு எண்ணெயைப் பெரும்பாலும் பாமாயிலாக இருந்த நிலையிலிருந்து முழுவதும் சோயா எண்ணெயாக மாற்றியது. 1992-இல் மக்களைச் சோதித்தபோது சராசரிக் கொலஸ்டிரால் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்திருந்தது. உடற்பயிற்சி, புகைவிடுதல் ஆகியவை குறித்த பரப்புரையும் உடன் நடந்தது. எனினும் எண்ணெய் மாற்றத்துக்கே இதில் பெரும்பங்கு உண்டென ஆய்வாளர் கண்டனர்.

நம் நாட்டைப் பற்றி 2013-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கணக்கு வெளிவந்தது. பாமாயிலுக்கு 20 விழுக்காடு வரி விதித்தால், 2014 முதல் 2023 வரை மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் நேரும் ஏறத்தாழ 3,63,000 இறப்புகளைத் தவிர்க்கலாம் என்றது அது. அதே ஆய்வு வேறொன்றையும் எச்சரித்தது: வரியால் ஏழை வீட்டில் உணவுப் பற்றாக்குறை கூடவும் கூடும். நம்மை உறுத்துவது இதுவே. மலிவு எண்ணெயால் ஏழையின் தட்டில் சுவையும் சக்தியும் சேர்ந்தது மெய். பிற்காலத்தில் மருத்துவமனைச் செலவைத் தாங்கமாட்டாதவரும் அவரே.

சமமற்றோர் இடையே நடக்கும் வாணிகத்துக்குத் தடையற்ற சந்தை ஒன்றே நீதியான விதி ஆகிவிடாது என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-இல் மக்களின் முன்னேற்றம் பற்றிய சுற்றுமடலில் கற்பித்தார். அவர் நாடுகளை மனத்தில் கொண்டு எழுதினார். நமக்கோ அது எண்ணெய்ச் சட்டிக்கும் பொருந்துவதாகத் தோன்றுகிறது.

2024 செப்டம்பரில் உழவரைக் காக்கவென்று கச்சா எண்ணெய்மீது 20 விழுக்காடு அடிப்படைச் சுங்கவரி விதிக்கப்பட்டது. 2025 மே இறுதியில் விலையைக் குறைக்கவென்று அது 10 ஆக்கப்பட்டது. உழவர், நுகர்வோர், ஆலை முதலாளிகள் எனப் பலரின் பெயரும் அடிபட்டது. மருத்துவரிடம் கருத்துக் கேட்டதாக எங்கும் காணோம்.

தமிழகத்தில் 2007 முதல் நியாயவிலைக் கடைகளில் மானிய விலையில் பாமோலின் தரப்படுகிறது; லிட்டர் 25 ரூபாய். அதற்கு மாற்றாகக் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் தரவேண்டுமென்று உழவர் அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன. அவ்விரண்டில் இதயத்துக்கு ஏற்றது கடலை எண்ணெயே என்று மேலே சொன்ன கணக்கு காட்டுகிறது. அதன் விலையோ பன்மடங்கு. அந்த விலை வேறுபாட்டை அரசு ஏற்குமாயின், கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்து மல்லாட்டை அவ்வூர்க் கடைக்கே எண்ணெயாகத் திரும்பி வரலாம்.