ஹெரால்டுக்கு எந்த பிரைமர்?

பழைய காரைப் புதுப்பிக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் பேசுவது நிறத்தைப் பற்றித்தான். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யப்போகும் வேலையில் முதலில் முடிவு செய்யவேண்டியது வேறு: ஒரு பாகம் எத்தனை மாதம் சும்மா இருக்கப்போகிறது? பிரைமரைத் தீர்மானிப்பது அந்தக் காத்திருப்பு. தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில் ஆலை நடத்திய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் ஹெரால்டு இதற்கு நல்ல உதாரணம். இங்கிலாந்தில் 1959இல் அறிமுகமாகி, 1961 முதல் இங்கே தயாரான இந்தக் காருக்கு உருவம் கொடுத்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி. பாடியும் சேசிஸும் ஒன்றாக வெல்டு ஆகி வரத் தொடங்கிவிட்ட அந்தக் காலத்தில், இதற்கோ தனி சேசிஸ். அதன்மேல் போல்ட்டு போட்டு முடுக்கிய பாடி பாகங்கள். முழு பாடியையும் அச்சடித்துத் தந்துகொண்டிருந்த ஆலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போனதால் பிறந்த யோசனை அது. வசதியில்லாமல் வந்த வழி இன்றைய உரிமையாளருக்கு வசதியாகிவிட்டது. இந்த மாதம் ஒரு கதவு, போனஸ் வந்ததும் பானெட் என்று கழற்றிக் கழற்றி வேலை செய்யலாம். ஆனால் முதலில் முடிந்த கதவு, கடைசிப் பாகம் முடியும்வரை பிரைமரோடு மட்டுமே இருக்கும்.

அதுவும் இந்த ஊர்க் காற்றில். ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே வெறும் இரும்பில் துரு வேகமெடுக்கும். சென்னை இரவுகள் பெரும்பாலும் அதற்கு மேல்தான். நீலாங்கரைப் பக்கம் என்றால் உப்பும் சேரும். ஐப்பசி மழையில், தேய்த்துப் பளபளவென்று வைத்த தகடு விடிவதற்குள் பழுப்பேறிவிடும். ஆகவே ஏதோ ஒன்றை அடித்துவைப்போம் என்று பலரும் சாம்பல் நிற சர்ஃபேசரை அடித்துவிடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. எமரித் தாளில் எளிதாகத் தேய வேண்டும் என்பதற்காக டால்க் போன்ற பொடிகளை நிறையக் கலந்து செய்வது சர்ஃபேசர். அது பஞ்சுபோல ஈரத்தை உள்ளே விடும். மேலே பார்த்தால் அழகான சாம்பல் நிறம், அடியில் துரு. கலர் அடித்துச் சில மாதம் கழித்துக் கொப்புளம் கிளம்பும்போதுதான் தெரியவரும். எபாக்ஸி பிரைமர் அப்படியல்ல. பிசினும் ஹார்டனரும் வினைபுரிந்து பின்னிக்கொள்வதால் படலம் நெருக்கமானது, இரும்பை இறுகப் பற்றும். தகட்டைச் சுத்தம் செய்த அன்றைக்கே எபாக்ஸி, அது காய்ந்து தேய்த்தபின் பட்டி, கலர் அடிக்கும் நேரம் வந்தபிறகு மட்டும் சர்ஃபேசர் என்ற வரிசையே நம் ஊருக்குப் பொருந்தும். வெறும் தகட்டில் நேரே பட்டி போடும் பட்டறைப் பழக்கம் இரண்டு நாளில் வண்டியைத் திருப்பித் தரும் வேலைக்குச் சரி, இரண்டு வருடம் இழுக்கும் வேலைக்குச் சரியல்ல. எபாக்ஸிக்கும் குறை உண்டு: வெயிலில் வைத்தால் சுண்ணாம்புபோல உதிரும், குறித்த காலம் கடந்தால் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த பூச்சு. நிழலில் வைத்தால் முதல் குறை தீர்ந்தது.

"கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் ரெட் ஆக்ஸைடுதானே அடிக்கிறோம், காருக்கு என்ன?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, விலை வித்தியாசமும் கொஞ்சமல்ல. ஆனால் அதிலிருக்கும் சிவப்பு இரும்பு ஆக்ஸைடு வெறும் நிறமிதான். துருவைத் தடுக்கும் வேதிச் சக்தி அதற்கில்லை. அதைப் பிடித்துவைத்திருக்கும் சிந்தெடிக் பிசின் மேலே வரும் கார் பெயின்ட்டின் தின்னர் பட்டதும் இளகிச் சுருங்கும். கேட்டுக்கு எனாமலோடு நிறுத்திவிடுகிறோம், அதனால் அந்தச் சிக்கல் அங்கே வருவதில்லை. அமிலம் கலந்த எட்ச் பிரைமர் இரும்பை நன்றாகவே பிடிக்கும், ஆனால் மிக மெல்லியது. தனியாக ஒரு மழைக்காலத்தைத் தாங்காது.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் கனமானது: அந்தக் கால வண்டிக்கு அந்தக் கால என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட்தான் அழகு, ஹார்டனர் கலந்து அடிக்கும் புதிய 2கே பெயின்ட் அடித்தால் அது பழைய காரே இல்லை. பளபளப்பு விஷயத்தில் இதில் உண்மை இருக்கிறது. கிளியர்கோட் அடித்த ஹெரால்டு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மை மாதிரிதான் தெரிகிறது. ஆனால் என்.சி.யின் தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விக்கும். ஈரக் காற்றில் அங்கே நீர் படிந்து வெள்ளைப் புகைபோல மங்கும். கிளியர்கோட் இல்லாத ஒற்றைப் பூச்சு 2கே பழைய தோற்றத்துக்கு மிக அருகில் வரும், நெடுநாள் நிற்கும். ஒரே நிபந்தனை: அதன் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட், ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது. துணி முகமூடி எதையும் தடுக்காது. தனிக் காற்றுக் குழாய் உள்ள முகக்கவசமும் பெயின்ட் அடிக்கும் பூத்தும் இருக்கும் பட்டறையில்தான் அதை அடிக்கவேண்டும். எபாக்ஸிக்கும் கார்பன் வடிகட்டி முகமூடி வேண்டும், என்றாலும் அதை வீட்டில் செய்ய முடியும்.

எந்தப் பிரைமரும் எட்டாத இடம் சேசிஸின் பெட்டிக் குழல்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் நீரில் மூழ்கிய பழைய வண்டி என்றால், குழலுக்குள் வண்டல் படிந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கழுவி, காயவைத்து, உள்ளே மெழுகுப் பூச்சைப் பீய்ச்சிய பிறகே வெளிப்பூச்சு. கடைசியாக நிறம்: பாகம் பாகமாக அடிக்காமல், எல்லாம் தயாரானபின் ஒரே கலவையில், மழை ஓய்ந்த மாசி, பங்குனியில் ஒரே தடவையாக அடிப்பது நல்லது. வெவ்வேறு மாதத்தில் கலக்கிய வெள்ளைகூட கதவுக்கும் மட்கார்டுக்கும் இடையே ஒத்துப்போகாது. பழைய அசல் நிறம் வேண்டுமென்றால் கதவு அட்டைக்குப் பின்னால், வெயில் படாத தகட்டில் பார்க்கலாம்.