தியாகராஜன் போட்ட லாரிக் கணக்கு

பழைய லாரி ஒண்ணு வாங்க ஒரு டிரைவர் பேங்குக்குப் போறார்னு வைங்க. ஐடிஆர் இல்ல, பேலன்ஸ் ஷீட் இல்ல, அடமானம் வைக்க வீடும் இல்ல. "ரிஸ்க்"னு ஒரே வார்த்தையில ஃபைலை மூடிடுவாங்க. 1970-களில் நிலைமை இன்னும் மோசம். பெரும்பாலும் வட்டிக்கடைக்காரரைத்தான் தேடிப் போகணும்.

அந்த வார்த்தையை அப்படியே ஏத்துக்காதவர், ஸ்ரீராம் குழுமத்தின் ஆர். தியாகராஜன். கணிதம் படித்தவர். கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்திலும் படித்தார். 1961-ல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸில் வேலை. 1974-ல் நண்பர்களோடு சேர்ந்து சென்னையில் சீட்டு கம்பெனி ஆரம்பித்தார். 1979-ல் வந்தது ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ்.

என் பார்வையில் அவரோட முக்கியமான முதலீடு அந்தப் படிப்பும் இன்சூரன்ஸ் அனுபவமும்தான். ஒருத்தரைப் பத்தி நம்மகிட்ட பேப்பர் இல்ல என்பதும், அவர் பணத்தைத் திருப்பித் தரமாட்டார் என்பதும் வேற வேற விஷயம். பேங்க் ரெண்டையும் ஒண்ணாக்கிடுச்சு. லாரிக்காரர்கிட்ட டேட்டா இல்லாம இல்லையே! வண்டி எந்த ரூட்ல ஓடுது, என்ன லோடு, டீசல், டயர், சுங்கம் போக மாசம் என்ன மிஞ்சும், அவருக்காக ஜாமீன் போட இன்னொரு லாரிக்காரர் முன்வருவாரா? நேர்ல போய்க் கேட்டா எல்லாமே கிடைக்கும். கேட்க ஆள் அனுப்பணும், அவ்வளவுதான். இது தர்ம காரியம் இல்ல. பழைய வண்டிக் கடனுக்கு பேங்கைவிட வட்டி அதிகம்தான். ஆனா கந்துவட்டியோட ஒப்பிட்டா கணக்கே வேற.

அவர்கிட்ட மொபைல் இல்ல, சின்ன கார்தான் என்பதையே ரீல்ஸ்ல திரும்பத் திரும்பக் காட்டுறாங்க. எனக்கு அது பெரிசாத் தெரியல. 75 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள பங்குகளை, 2006-ல் தொடங்கிய ஊழியர் டிரஸ்டுக்குக் கொடுத்ததுதான் விஷயம். கம்பெனி யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு பேச்சில் இல்லாம பத்திரத்திலேயே பதில் சொன்னவர்.

நீங்க பிசினஸ் பண்றீங்களா? "இவருக்குக் கடன் சரக்கு வேண்டாம்"னு ஒதுக்கி வச்ச சின்ன வியாபாரிகள் லிஸ்ட்டை இந்த வாரம் எடுங்க. உண்மையிலேயே பாக்கி வச்சவங்க ஒரு பக்கம், ஜிஎஸ்டி நம்பர் இல்லன்னு மட்டும் ஒதுக்கினவங்க இன்னொரு பக்கம். ரெண்டாவது பக்கத்துல ரெண்டு பேர் கடைக்கு நேர்ல போங்க. ஒரு நாள் வியாபாரம் எவ்வளவுன்னு கல்லாப் பக்கத்துல உட்கார்ந்து பாருங்க. அப்புறம் சின்ன பில், 15 நாள் தவணைன்னு ஆரம்பிச்சுப் பாக்கலாம்.