கோலை நோக்கி உதைத்தல்: பயிற்சி பற்றிய சில சிந்தனைகள்

கலையாற்றல் கருவிலேயே வாய்ப்பது என்ற கருத்தை இலக்கியத் திறனாய்வு ஓரளவுக்கேனும் கேள்விக்குட்படுத்தியுள்ளது. விளையாட்டுத் துறையிலோ அக்கருத்து இன்றும் அசையாது நிற்கின்றது. உதைபந்தாட்டத்தில் கோலை நோக்கிக் குறிதவறாது உதைக்கும் ஒருவனைக் கண்டதும், அது அவனுக்கு இயல்பாகவே வருகிறது என்கிறோம். அவ்வாறு கூறியதும், அந்த உதைக்குப் பின்னாலுள்ள உழைப்பு எத்தகையது, அவ்வுழைப்புக்கு வேண்டிய பந்தும் இடமும் நேரமும் யாருக்குக் கிடைத்தன என்னும் வினாக்கள் மறைந்துவிடுகின்றன.

இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைப் பிரதேசத்திலே 1882இல் பிறந்த ஜிமி ஹோகன் இவ்விடத்து நினைவுகூரத்தக்கவர். பேர்ண்லி கழகத்துக்கு ஆடிய இளமைக் காலத்தில், எதிரணியினரைக் கடந்து சென்று அவர் உதைத்த பந்தொன்று கோலுக்கு மேலாகப் பறந்துவிட்டது. காலை வைத்த முறை பிழையா, உடலின் சமநிலை பிழையா என்று முகாமையாளரிடம் கேட்டார். தொடர்ந்து உதைத்துக்கொண்டிரு, பத்தில் ஒன்று கோலானாற் போதும் என்பதே கிடைத்த பதில். காரணத்தைக் கேட்டவனுக்குக் கணக்கொன்று விடையாகக் கிடைத்தது! அக்கால ஆங்கிலக் கழகங்களிற் பயிற்சி என்பது பெரும்பாலும் மைதானத்தைச் சுற்றி ஓடுவதாகவே இருந்தது. வாரநாட்களிற் பந்தைக் கொடுக்காதுவிட்டால் சனிக்கிழமை அதன்மீது பசி பிறக்கும் என நம்பினர். 1901 முதல் 1961 வரை அங்கு தொழில்முறை ஆட்டக்காரரின் ஊதியத்துக்கு உச்சவரம்பு இருந்தது. தொடக்கத்தில் அது வாரத்துக்கு 4 பவுண். ஆட்டக்காரனை மலிவாகக் கிடைக்கும் உடல்வலுவாக நோக்கிய கழக உரிமையாளருக்கு, அவனது திறனை வளர்ப்பது தமது பொறுப்பாகத் தோன்றாமைக்கும் இவ்வூதிய முறைமைக்கும் தொடர்புண்டு என்றே கருதுகிறேன்.

ஹோகன் தமது வினாவுடன் ஐரோப்பாக் கண்டத்துக்குச் சென்றார். 1910இல் ஒல்லாந்திலும், பின்னர் வியன்னாவிலும், முதலாம் உலகப் போர்க்காலத்திற் புடாபெஸ்ற் எம்.ரி.கே. கழகத்திலும் பயிற்றுநராக இருந்த அவர், பந்தைக் கையாளும் முறையையே பயிற்சியின் மையமாக்கினார். 1953 நவம்பர் 25இல் வெம்பிளி மைதானத்தில் ஹங்கேரி இங்கிலாந்தை 6–3 என வென்றபோது, வென்றவர்கள் ஹோகனைத் தம் ஆசானாகக் குறிப்பிட்டனர். அடுத்த ஆண்டு மே மாதம் புடாபெஸ்ற்றில் 7–1. இவற்றைத் தனியொருவரின் போதனையால் விளைந்த வெற்றிகள் என்பது மிகை. 1949இல் இராணுவக் கழகமாக்கப்பட்ட ஹொன்வெட்டில் அவ்வணியினர் பலர் நாள்தோறும் ஒன்றாக ஆடினர் என்பதையும் சேர்த்தே நோக்கவேண்டும்.

ஆயினும், பந்துடன் பயிற்சி செய்யவேண்டும் என்று கூறுவதோடு விடயம் முடிந்துவிடுவதில்லை. எவ்வகைப் பயிற்சி என்பதே அடுத்த வினா. இதற்கான விடை உதைபந்தாட்டத்திலிருந்தல்லாது, சுத்தியல் பிடித்த கையை ஆராய்ந்தவரிடமிருந்து வந்தது. ரஷ்யப் பாட்டாளிவர்க்கக் கவிஞரான அலெக்சி காஸ்தெவ் (இவரும் 1882இற் பிறந்தவரே) 1920இல் மொஸ்கோவில் மத்திய உழைப்பு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். உழைப்பின் அசைவுகளைப் பகுத்து, சரியான அசைவைக் கண்டறிந்து, அதனைத் தொழிலாளியின் உடலிற் பதித்துவிடலாம் என்பது அவர் கனவு. டெயிலரின் முகாமை முறையே புரட்சியின் உடை பூண்டு வந்தது எனலாம். அந்நிறுவனத்திற் பணியாற்றிய நிக்கொலாய் பேர்ன்ஸ்ரைன், உளியின்மீது சுத்தியலால் அடிக்கும் தொழிலாளரின் மூட்டுகளிற் சிறு விளக்குகளைப் பொருத்தி அசைவுகளைப் படம்பிடித்தார். தேர்ந்த தொழிலாளியின் எந்த இரண்டு அடிகளும் முற்றிலும் ஒத்திருக்கவில்லை. தோளின் விலகலை முழங்கையும் முழங்கையின் விலகலை மணிக்கட்டும் ஈடுசெய்ய, சுத்தியல் மட்டும் உரிய இடத்தில் விழுந்தது. ஆகவே பயிற்சி என்பது ஒரே தீர்வைத் திரும்பத் திரும்பச் செய்வதன்று. ஒரு பிரச்சினையைத் திரும்பத் திரும்பத் தீர்ப்பதாகும். இதனை அவர் மீட்டலில்லாத மீட்டல் என விளக்கினார். காஸ்தெவ் 1939இற் கொல்லப்பட்டார். 1948இல் ஸ்ராலின் பரிசு பெற்ற பேர்ன்ஸ்ரைனும் பவ்லோவின் கொள்கையை விமர்சித்தமையால் ஒதுக்கப்பட்டார். முற்போக்காளராகிய நாம் இதனை மறைத்துப் பேசவேண்டியதில்லை.

உதைபந்தாட்டத்திற்கு இக்கண்டுபிடிப்பு நேரடியாகப் பொருந்தும். ஆட்டத்தில் ஒரே பந்து இருமுறை வருவதில்லை. ஆனால் வழக்கமான பயிற்சி யாது? இருபது பேர் வரிசையில் நிற்பர். நிலையான பந்தை ஒருவர்பின் ஒருவராக உதைப்பர். ஒரு முறைக்கு 15 வினாடி என்று கொண்டால், ஒரு சுற்றுக்கு 5 நிமிடம். 40 நிமிடத்தில் ஒருவனுக்கு 8 உதைகள். எஞ்சிய 38 நிமிடமும் அவன் பார்வையாளன். நால்வருக்கு ஒரு பந்து என்று பிரித்து, சுவரையோ நட்ட இரு தடிகளையோ கோலாகக் கொண்டால், அதே நேரத்தில் 40 உதைகள் கிடைக்கும். பந்துகள் ஐந்து வேண்டும் என்பது உண்மையே. அவற்றை வாங்க வசதியுள்ள பாடசாலையிலிருந்தே 'பிறவி வீரர்' அதிகமாகத் தோன்றுவது வியப்பன்று.

அடிப்படையை முதலிற் சுவரில் பழகலாம். எட்டு மீற்றர் தூரத்தில் நின்று, முழங்கால் உயரத்துக்குக் கீழே சுவரில் இரு குறிகளை இட்டு உதைக்கவேண்டும். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில், விரல்கள் குறியை நோக்கியிருக்க, அமைதல் வேண்டும். உதைக்கும் காலின் முழங்கால் பந்துக்கு மேலாக வரவேண்டும். கணுக்கால் இறுகியிருக்க, புறங்கால் பந்தின் நடுவிற் படவேண்டும். ஊன்றுகால் பின்தங்கி உடல் பின்னே சாய்ந்தால் பந்து மேலெழும். ஹோகன் கேட்ட வினாவுக்கு விடை ஏறத்தாழ இவ்வளவே. சில நாட்களின் பின், சுவரிற் பட்டுத் திரும்பும் பந்தை நிறுத்தாமலே, வலக்காலாலும் இடக்காலாலும் மாறிமாறி உதைக்கவேண்டும். அதற்குமேல் தனியே சுவருடன் நின்றுவிடலாகாது.

அடுத்தது, பந்தைத் தருபவர் ஒருமுறை உருட்டி, ஒருமுறை துள்ளவிட்டு, ஒருமுறை பின்னாலிருந்து முன்னே எறிந்து, எது வருமெனத் தெரியாதபடி தருதல். எந்த மூலைக்கு உதைப்பது என்பதைப் பந்து வந்துகொண்டிருக்கும்போதே மற்றொருவர் கூவலாம். மூன்றாவதாக, இரண்டு மீற்றர் பின்னாலிருந்து ஒருவர் துரத்திவர உதைத்தல். இறுதியில், 25 மீற்றர் இடைவெளியில் இரு கோல்களை அமைத்து நால்வருக்கு நால்வர் ஆடுதல். எந்நிலையிலும் எவரும் உதைக்கக்கூடிய தூரமாதலால் உதைக்கலாமா, கொடுக்கலாமா என்ற தீர்மானமும் பயிற்சியின் பகுதியாகிறது. இத்தீர்மானத்தை நம் பயிற்றுநர் பலர் பொருட்படுத்துவதில்லை. கோலின் அகலம் 7.32 மீற்றர். நேரெதிரே 16.5 மீற்றரிலிருந்து நோக்குபவனுக்குக் கோல் ஏறத்தாழ 25 பாகை கோணத்தில் விரிகின்றது. 11 மீற்றரில் அது 37 பாகையாகின்றது. அவ்விடத்தில் நிற்கும் தோழனுக்குப் பந்தைக் கொடுப்பதும் கோலை நோக்கிய செயலே.

இத்தகைய கலப்புப் பயிற்சியில் ஓர் இடர்ப்பாடுண்டு: தொடக்கத்தில் ஆட்டக்காரர் அதிகம் தவறவிடுவர். 1979இல் ஷே, மோர்கன் என்னும் ஆய்வாளர் இருவர் கைவீச்சு வரிசைகளைக் கற்பித்துச் செய்த பரிசோதனையில், ஒன்றையே தொடர்ந்து பழகியோர் பயிற்சியின்போது சிறந்து விளங்கினர்; ஆனால் 10 நாட்களின் பின் சோதித்தபோது, ஒழுங்கின்றிக் கலந்து பழகியோரே முந்தினர். எனவே அன்றைய கோல்களை எண்ணித் தரம்பிரிக்கும் பயிற்றுநர், கற்றுக்கொண்டிருப்பவனையே அணியிலிருந்து நீக்கிவிடக்கூடும். ஒரு வாரம் கழித்து, துரத்துபவர் ஒருவரை நிறுத்தி எண்ணுவதே பொருத்தமானது.