கோமுகி பிறக்கும் மலைக்குப் பிள்ளைகளோடு ஒரு நாள்



பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: "பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது?" ஊட்டி, கொடைக்கானல் என்றால் செலவு தாங்காது. அன்றாடம் வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு நாள் கூலியும் போய்விடும். காலையில் கிளம்பி இருட்டுமுன் வீடு திரும்பக்கூடிய மலை ஒன்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கல்வராயன் மலைக்குக் குடும்பத்தோடு போய்வர என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை இங்கே தருகிறோம்.

கல்வராயன், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. வடக்கே இருப்பது சின்ன கல்வராயன், தெற்கே இருப்பது பெரிய கல்வராயன். அடிவாரத்தில் முட்புதர்க்காடு. அதற்கு மேலே கோடையில் இலை உதிர்க்கும் மரங்கள். உச்சியை நெருங்கினால் மேடும் பள்ளமுமாக விரியும் சமவெளியும் புல்வெளிகளும், இடையிடையே சிறு சிறு சோலைகளும் இருக்கும். சோலையும் புல்லும் மழைநீரைப் பிடித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகின்றன. ஓடைகள் கூடித்தான் ஆறு ஆகிறது.

கள்ளக்குறிச்சியை ஒட்டி ஓடும் நம் கோமுகி ஆறு அந்த மலையில் பிறந்ததுதான். மழைக்காலம் தவிர, பல மாதங்கள் அதை வறண்ட மணலாகவே பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு, அதன் தாய்வீட்டைக் காட்டுவது நல்ல பாடம். இங்கிருந்து போகும் கோமுகி, மணிமுத்தாற்றோடு சேர்ந்து, பின்பு வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது. நாம் இங்கே ஆற்றில் கொட்டும் குப்பை யார் வாசலுக்குப் போகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் இது உதவும்.

கச்சிராயபாளையம் வழியாகப் போனால் முதலில் வருவது கோமுகி அணை. நிறைந்தால் 46 அடி. சின்னஞ்சிறு பிள்ளைகளும் வயதானவர்களும் உடன் வந்தால் இங்கேயே சற்று நேரம் இருந்துவிட்டுப் போகலாம். பிறகு மலைப்பாதை. வெள்ளிமலைக்குப் போகும் சாலையோரமே பெரியார் அருவி விழுகிறது. அதிகம் நடக்க வேண்டியதில்லை. கரியாலூரில் சிறுவர் பூங்காவும் படகுத்துறையும் உண்டு. மேகம் அருவிக்குக் காட்டுக்குள் நடந்து இறங்க வேண்டும் என்பதால், கைக்குழந்தையோடும் முழங்கால் வலியோடும் போக ஏற்ற இடமல்ல. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அருவிகளில் நல்ல தண்ணீர் இருக்கும். கடுங்கோடையில் நூலாகக் குறைந்துவிடும்.

இனிச் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். அருவி நீர் பெருகுவதற்கு, நாம் நிற்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. மேலே சமவெளியில் பெய்த மழை குறுகிய பள்ளத்தாக்கில் இறங்கும்போது சில நிமிடங்களில் மட்டம் ஏறிவிடும். தெளிந்த நீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், பை செருப்பைத் தேடாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். வனத்துறையினர் குளிக்கத் தடை போட்டிருந்தால், "அஞ்சு நிமிஷம்தானே" என்று கெஞ்சாமல் திரும்பிவிடுங்கள்.

தண்ணீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை. மூச்சுக்குத் திணறும் வாயால் கூப்பிட முடியாது. பெரியவர்கள் பத்துப் பேர் கரையில் இருந்தும் சத்தமில்லாமல் ஓர் உயிர் போவது இப்படித்தான். ஆகவே ஒரு நேரத்துக்கு ஒருவர் என்று முறைவைத்து, போனைப் பையில் போட்டுவிட்டு, பிள்ளைகளை மட்டுமே பார்த்திருக்க வேண்டும். சிறு பிள்ளை எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். யாராவது மூழ்கினால் நீந்தத் தெரியாதவர் குதிக்க வேண்டாம். கயிறோ, முடிச்சுப்போட்ட துப்பட்டாவோ, நீளக் கம்போ நீட்டி இழுங்கள். பாறையில் பாசி வழுக்கும். பாறைக்குக் கீழே ஆழம் எவ்வளவு என்பது மேலிருந்து தெரியாது. இளைஞர்கள் தலைகீழாகக் குதிப்பதைப் பெற்றோர்கள் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

வண்டி ஓட்டுகிறவர் இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்க வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். மலையில் பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது. எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அசர் நேரத்துக்குள் இறங்கத் தொடங்கிவிடுவது நல்லது. சோறும் குடிநீரும் பாத்திரத்தில் கொண்டுபோய், காலிப் பொட்டலங்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கக் கூடாது என்று மதரஸாவில் படித்தவர்கள் நாம். அந்த ஆற்றில் ஷாம்பு பாக்கெட்டை விட்டுவரலாமா?

மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். ஜாகீர்தார்களின் கையில் இருந்த அந்த மலை 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. சாலை, பள்ளி, மருத்துவம் எல்லாம் அங்கே தாமதமாகவே போயின. சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய், புளி, தேன் ஆகியவை அவர்களுடைய பிழைப்பு. அவர்களிடம் நியாய விலைக்கு வாங்குங்கள். கேட்காமல் வீட்டையும் பெண்களையும் படம் எடுக்காதீர்கள்.

"கல்வராயனா? சாராய மலையாச்சே!" என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. 2024 ஜூனில் நம் கருணாபுரத்தில் நடந்ததை நாம் மறக்கவில்லை. 60க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஒரே நாளில் பல உடல்களுக்குக் கோமுகி ஆற்றங்கரையில் தீ மூட்டப்பட்டதை ஊரே பார்த்தது. ஆனால் அவர்களைக் கொன்ற மெத்தனால் எந்த மலையிலும் விளைவதில்லை. அது ஆலைகளில் பயன்படும் வேதிப்பொருள். மலையில் சாராயம் காய்ச்சியவர்கள் இருந்தது உண்மை. அதற்காக ஒரு மலையையும் அதன் மக்களையும் அந்த ஒரே சொல்லால் நம் பிள்ளைகள் அறிந்துகொள்ளக் கூடாது.

நம் தெருப் பிள்ளைகள் சிலருக்குக் கோமுகி என்றால் நினைவுக்கு வருவது அந்த நெருப்பு மட்டுமே. அதே ஆறு புல்லுக்கு நடுவே சிறு ஓடையாகத் தெளிந்து ஓடுவதையும் அவர்கள் பார்க்கட்டும். நீங்கள் வண்டி பிடித்துப் போகும்போது ஓர் இடம் மிஞ்சினால், தகப்பனை இழந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையை, எந்தச் சமுதாயமாக இருந்தாலும், அவர்கள் வீட்டில் கேட்டு உடன் ஏற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைக்கான செலவு பாரமாக இருந்தால் டிரஸ்ட் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நம்மால் இயன்றதைச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.