மார்க்கெட்டிங் பாடம்: மனப்பாடமா? மூளைக்கு வேலையா?



மெக்கானிக்கல் மாணவர்களுக்கு லேத் இருக்கிறது. எலெக்ட்ரிக்கல் மாணவர்களுக்கு மோட்டார் இருக்கிறது. சிவில்காரர்கள் தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுகிறார்கள். கமர்ஷியல் பிராக்டிஸ் படிக்கும் எங்களுக்கு மார்க்கெட்டிங் பாடத்தில் லேப் எங்கே? "உங்களுக்கென்னப்பா, வெறும் தியரிதானே! உருப்போட்டா பாஸ்" என்று கேன்டீனில் கேலி பேசுகிறீர்கள். அந்தக் கேலிக்குப் பதில்தான் இக்கட்டுரை. எங்களுக்கும் ஒரு லேப் உண்டு. அதன் பெயர் 'கேஸ் ஸ்டடி'.

கேஸ் என்றால் என்ன?

டாக்டரிடம் வரும் நோயாளியும் கேஸ்தான், வக்கீலிடம் வரும் வழக்கும் கேஸ்தான். மார்க்கெட்டிங்கில் கேஸ் என்பது, ஒரு நிறுவனத்துக்கோ கடைக்கோ உண்மையில் வந்த ஒரு பிரச்சினை. விவரங்கள், விலை, செலவு, போட்டியாளர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். விடை மட்டும் இருக்காது. "நீ அந்த முதலாளியாக இருந்தால் என்ன செய்வாய்?" என்ற கேள்வியோடு நின்றுவிடும்.

இந்த முறை சட்டப்படிப்பில்தான் முதலில் வேரூன்றியது. 1870-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு சட்டக்கல்லூரியில் லாங்டெல் என்பவர் விரிவுரைக்குப் பதிலாகப் பழைய தீர்ப்புகளையே மாணவர்களிடம் கொடுத்து விவாதிக்க வைத்தார். பின்னர் ஹார்வர்டு வணிகப் பள்ளியும் இதே பாதையில் நடந்தது. அங்கே 1921-ல் எழுதப்பட்ட முதல் கேஸ் ஒரு ஷூ கம்பெனியைப் பற்றியது. நம் நாட்டில் 1961-ல் தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம்., ஹார்வர்டின் ஒத்துழைப்போடு இம்முறையைக் கைக்கொண்டது. ஐ.ஐ.எம். சமாச்சாரம் நமக்கெதற்கு என்று கேட்காதீர்கள். ஐந்து நண்பர்களும் ஒரு மரத்தடியும் இருந்தால் போதும், கேஸ் விவாதம் நடத்தலாம்.

கடலூரில் பிறந்த ஒரு கேஸ்

உதாரணம் இல்லாமல் எதுவும் மண்டையில் ஏறாது. நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். ஒரு காலத்தில் ஷாம்பு என்றால் பாட்டில்தான். பாட்டில் வாங்க ஏழைக்கு வழியில்லை. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் என்பவர், பொருளைச் சின்னச் சின்ன பாக்கெட்டில் அடைத்தால் கூலி வேலை செய்பவரும் வாங்குவார் என்று நம்பினார். அவர் வழியில் அவருடைய பிள்ளைகள் 'வெல்வெட்' ஷாம்புவைப் பாக்கெட்டில் விற்றார்கள். அவர்களில் ஒருவரான சி.கே.ரங்கநாதன் குடும்பத் தொழிலை விட்டு விலகி, 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். இவர் தமிழ் மீடியத்தில் படித்தவர் என்பதை நம்மில் பலருக்காக இங்கே அழுத்திச் சொல்கிறேன். அவருடைய கம்பெனிதான் 1998 முதல் கெவின்கேர் என்ற பெயரில் இயங்குகிறது.

இனி கேஸுக்கு வருவோம். சந்தையில் ஏற்கெனவே பெரிய பெயர்கள் இருக்கின்றன. புது ஷாம்புவை யார் வாங்குவார்? அவர் ஒரு திட்டம் போட்டார். ஐந்து காலி ஷாம்பு பாக்கெட் கொண்டு வந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட்டாக இருந்தாலும் சரி! கொஞ்ச நாள் கழித்துத் திட்டத்தை மாற்றினார். இனிமேல் ஐந்தும் சிக் பாக்கெட்டாகவே இருக்க வேண்டும்.

வகுப்பில் எங்களுக்கு வந்த கேள்வி இதுதான்: முதலிலேயே "சிக் பாக்கெட் மட்டும்" என்று சொல்லியிருந்தால் என்ன? அடுத்த கம்பெனிக் குப்பைக்கு ஏன் இலவசம் தர வேண்டும்?

ஒரு மணி நேரம் அடிதடி விவாதம். முடிவில் நாங்கள் கண்டது இது. புது ஷாம்புவின் காலி பாக்கெட் யார் வீட்டில் இருக்கும்? யார் வீட்டிலும் இருக்காது. எந்த பாக்கெட்டானாலும் சரி என்றபோது, ஏற்கெனவே ஷாம்பு போடும் பழக்கம் உள்ளவர் கைக்கே நேராக சிக் போய்ச் சேர்ந்தது. ஷாம்புவே தொடாதவருக்கு இலவசம் வீணாகவில்லை. ஆக, முதல் கட்டம் 'போட்டுப் பார்' என்ற அழைப்பு. இரண்டாவது கட்டமோ வேறு. ஐந்து வாங்கினால் ஆறாவது இலவசம் என்றால், ஆறு பாக்கெட்டுக்கு ஐந்தின் விலை. அதாவது ஏறத்தாழ 16.7 சதவீதத் தள்ளுபடி. இது 'எங்களோடே இரு' என்ற அழைப்பு. இரண்டும் பார்க்க ஒரே திட்டம் போலத் தெரிந்தாலும் வேலை வேறு வேறு. வரிசை மாறியிருந்தால் பலித்திருக்காது என்பது எங்கள் கருத்து.

இதையே புத்தகத்தில் "விற்பனை ஊக்குவிப்பின் வகைகள்" என்று பத்து பாயின்ட்டாகப் படித்திருக்கிறேன். பரீட்சை முடிந்ததும் பத்தும் பறந்துவிட்டன. இந்தக் காலி பாக்கெட் மட்டும் மறக்கவில்லை!

கேஸிலிருந்து புராஜெக்டுக்கு

எழுதி வைத்த கேஸை விவாதிப்பது ஒரு படி. நாமே வெளியே போய்க் கேஸை எழுதி வருவது அடுத்த படி. இதுதான் கேஸ் ஸ்டடி புராஜெக்ட். எங்கள் வகுப்பில் நாலு பேருக்கு ஒரு குழு. எங்கள் குழு, வீட்டிலேயே அப்பளம் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் ஓர் அக்காவிடம் போனது. 50 அப்பளம் கொண்ட கட்டு 60 ரூபாய். பத்து அப்பளம் கொண்ட சின்ன பாக்கெட்டை 15 ரூபாய்க்கு விடலாமா என்பது அக்காவின் யோசனை.

கணக்குப் போட்டோம். பெரிய கட்டில் கடைக்காரர் கமிஷன் 6 ரூபாய், கவர் 1 ரூபாய் போக அக்கா கைக்கு 53 ரூபாய். சின்ன பாக்கெட் ஐந்து என்றால் மொத்தம் 75 ரூபாய். கமிஷன் பாக்கெட்டுக்கு 2 ரூபாய் வீதம் 10, கவர் 60 பைசா வீதம் 3 ரூபாய். மீதி 62. ஐம்பது அப்பளத்துக்கு 9 ரூபாய் கூடுதல் லாபம்! "அக்கா, உடனே ஆரம்பிங்க" என்றோம்.

அக்கா சிரித்தார். "தம்பிங்களா, அம்பது வாங்குற வீடு, சின்னது கிடைக்குதுன்னு நாலு பாக்கெட்டோட நிறுத்திக்கிட்டா?" என்று கேட்டார். மறுபடியும் கணக்கு. நாலு பாக்கெட் என்றால் கைக்கு வருவது 49 ரூபாய் 60 பைசாதான். பழைய 53-ஐவிட 3 ரூபாய் 40 பைசா குறைவு. தவிர, ஐந்து பாக்கெட் ஒட்டும் நேரத்துக்கும் கூலி உண்டல்லவா? கடைசியில் எங்கள் அறிக்கையில் எழுதிய பரிந்துரை: தனியாகத் தங்கிச் சமைப்பவர்கள் அதிகமுள்ள பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைகளுக்கு மட்டும் சின்ன பாக்கெட், குடும்பங்கள் வாங்கும் தெருக்கடைகளுக்குப் பழைய கட்டே.

செய்யும் முறை

1. முதலில் விவரம் திரட்டுங்கள். கேள்விப்பட்டதை ஒரு பக்கம், கண்ணால் பார்த்ததை ஒரு பக்கம் எழுதுங்கள்.
2. முடிவெடுக்க வேண்டியவர் யார், எதை என்று ஒரே வரியில் எழுதுங்கள். இது வராவிட்டால் கேஸ் கையில் இல்லை என்று பொருள்.
3. குறைந்தது மூன்று வழிகள் யோசியுங்கள். 'இப்படியே விட்டுவிடுவது' என்பதும் ஒரு வழிதான்.
4. ஒவ்வொரு வழிக்கும் ரூபாய்க் கணக்குப் போடுங்கள்.
5. ஒன்றைத் தேர்ந்து, ஏன் என்று சொல்லுங்கள். நண்பன் எதிர்த்துப் பேசட்டும்.

எச்சரிக்கையும் வேண்டும். ஜெயித்தவர் கதையை மட்டும் படித்தால் எல்லாம் சுலபம் போலத் தோன்றும். அதே மாதிரி செய்து தோற்றவர் இருக்கலாம். ஒரு கேஸ் ஒரு விதி ஆகாது. குழுவில் ஒருவர் எழுத மூவர் கையெழுத்துப் போடுவதும் புராஜெக்ட் ஆகாது. கடைக்காரர் நம்பிச் சொன்ன லாபக் கணக்கை அவர் அனுமதியில்லாமல் பெயரோடு வெளியிடக் கூடாது.

நமக்கு இதில் என்ன?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா லோடுமேன், அம்மா பெட்டிக்கடை. ஷாம்பு பாக்கெட் சரத்தை எந்த உயரத்தில் தொங்கவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கண்ணில் படும் என்று அம்மாவுக்குத் தெரியும். யாருக்குக் கடன் தரலாம், யாருக்குக் கூடாது என்றும் தெரியும். 'பொருள் காட்சிப்படுத்தல்', 'கடன் கொள்கை' என்ற பெயர்கள்தான் தெரியாது. ஆங்கிலப் புத்தகத்தை மனப்பாடம் செய்யும் வகுப்பில் என்னைப் போன்றவர்கள் பின்பெஞ்சில் வாய் திறப்பதில்லை. கேஸ் விவாதம் வந்த அன்று, "காலி பாக்கெட்டை எண்ணி வாங்கி வைக்கிற கடைக்காரருக்கு என்ன லாபம் சார்?" என்று கேட்டது பின்பெஞ்சுதான். ஆசிரியர் அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதினார். வீட்டில் கற்றதும் படிப்புதான் என்று அன்று புரிந்தது.

நாளை இன்டர்வியூவில் மார்க்கெட்டிங்கின் இலக்கணம் கேட்டால் எல்லோரும் ஒரே வரியைத்தான் ஒப்பிப்பார்கள். ஓர் அப்பளக் கட்டின் கணக்கை அலசிச் சொல்பவரைத்தான் கேட்பவர் நிமிர்ந்து பார்ப்பார் என்பது என் நம்பிக்கை.

ஆகவே மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்களே! இறுதியாண்டில் நீங்கள் செய்யும் இயந்திரங்கள் மதிப்பெண் வாங்கியதும் ஸ்டோர் ரூமில் தூங்குகின்றன. அடுத்த ஆண்டு எங்கள் துறையிலிருந்து ஆளுக்கு ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை யார் வாங்குவார், என்ன விலைக்கு, எந்தக் கடையில் என்று நாங்கள் கேஸ் எழுதித் தருகிறோம். மாணவர் மன்றம் இதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இம்மலர் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.