மீன் இருக்கும் இடம் எது?

குற்றால அருவி நீர் சிற்றாறாகித் தென்காசி வழியே ஓடுகிறது. கரையில் நின்று பார்த்தால் தெளிந்த நீரில் கெண்டை தெரிகிறது. ஆனால், தெரியும் இடத்தில் அது இல்லை!

நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33. மீனிலிருந்து வரும் ஒளிக்கதிர் நீரை விட்டுக் காற்றில் நுழையும்போது திசை மாறுகிறது. ஆகவே, நேர் மேலிருந்து பார்த்தால் 4 அடி ஆழத்திலுள்ள மீன் 3 அடியில் இருப்பதாகத் தோன்றும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் மேலே தெரியும்.

சரி, மீனுக்கு நாம் எப்படித் தெரிவோம்? நீரின் மாறுநிலைக் கோணம் சுமார் 48.6 டிகிரி. எனவே வானமும் கரையும் மீனின் தலைக்கு மேல் 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அதற்கு வெளியே நீர்ப்பரப்பு முகம் பார்க்கும் கண்ணாடிபோல் ஆற்றின் அடியைத்தான் காட்டும். நிமிர்ந்து நிற்பவரின் உருவம் சாளரத்துக்குள் நன்கு புகும். குனிந்தவரின் உருவமோ அதன் விளிம்பில் நசுங்கி மங்கிவிடும். நீலகிரி ஓடைகளில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீனை, இறகால் கட்டிய பொய்ப்பூச்சியை வீசிப் பிடிப்பவர்கள் குனிந்து நடப்பதன் இரகசியம் இதுவே.

மாணவர்களே, இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மீனை உயர்த்திக் காட்டும் ஒளி, ஆற்றின் தரையையும் உயர்த்திக் காட்டும். இடுப்பளவு எனத் தோன்றும் கசம் கழுத்தளவு இருக்கலாம். கண்ணை நம்பி இறங்காதீர்கள். நீண்ட கம்பை விட்டு ஆழம் பாருங்கள்!